திருச்சியில் ஒரு கர்ப்பகால வகுப்பு: பயிற்சி அருமை, மரபணுப் பாடம் திருந்த வேண்டும்

திருச்சியில் கர்ப்பிணிகளுக்கான வகுப்புகள் இந்த நாலைந்து வருஷத்தில் நிறைய வந்துவிட்டன. அவற்றில் ஒன்றில் சேர்ந்து, கடைசி வரை போய் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. நான் குறை சொல்லப்போகும் பாடம் வேறு வகுப்புகளிலும் ஏறக்குறைய இதே வரிகளோடு நடப்பதாகத் தோழிகள் சொல்கிறார்கள். ஒரு பெயரை எழுதினால் அந்த இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே பாடத்தை இன்னொரு இடத்தில் காசு கொடுத்துக் கேட்பீர்கள். எதை விசாரித்துச் சேர வேண்டும் என்று தெரிந்தால் எங்கே போனாலும் அது உதவும்.

முதலில் விவரம். கட்டணம் 9,500 ரூபாய். நான்காம் மாதத்திலிருந்து சேர்க்கிறார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் முடிய பன்னிரண்டரை ஆகும். கூட ஒருவர் வரலாம், அவருக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒரு கோப்பு, ஒரு பயிற்சி விரிப்பு, வயிற்றில் வைத்துக் கேட்க ஆடியோக்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். ‘மூளை வளர்ச்சிப் பொடி’ என்று ஒன்று உண்டு, அது டப்பா 1,800 ரூபாய், தனி.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். இது இரண்டாவது பிள்ளை. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அம்மா வீட்டில் இருந்துகொண்டேன், எந்த வகுப்புக்கும் போகவில்லை. இந்த முறை நாள் முழுக்க நின்று பாடம் நடத்துவதில் இடுப்புவலி தாங்கவில்லை, அதற்காகத்தான் சேர்ந்தேன்.

அந்த விஷயத்தில் கொடுத்த காசு வீண்போகவில்லை. பயிற்சி தந்தவர் படித்த பிசியோதெரபிஸ்ட். ஒவ்வொருவரின் கோப்பையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் விரிப்பில் உட்காரச் சொல்வார். நஞ்சுக்கொடி கீழே இருந்த ஒரு பெண்ணிடம், ‘உங்க டாக்டர் எழுதிக் கொடுக்காம நான் எதுவும் செய்ய வைக்க மாட்டேன், மூச்சுப்பயிற்சி மட்டும் பண்ணுங்க’ என்று சொன்னார். எனக்கு இடது பக்கம் சாய்ந்து எழுந்திருக்கவும், பலகை முன் நிற்கும்போது ஒரு காலைச் சின்ன முக்காலியில் மாற்றி மாற்றி வைக்கவும் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வாரமே வித்தியாசம் தெரிந்தது. வலி வரும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நீளமாக விடுவது, இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்துவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குந்துவது என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லி நடத்தினார். இவருக்காக மட்டும் என்றால் முழு மதிப்பெண் போடுவேன்.

குடும்பத்தாருக்கென்று வைத்த வகுப்பும் நன்றாக இருந்தது. அத்தையை அழைத்துப் போயிருந்தேன். மகப்பேறு மருத்துவர் ஒருவர் வந்து மாமியார்களையும் கணவர்களையும் முன்வரிசையில் உட்கார வைத்துப் பேசினார். ‘மருமகள் தட்டில் முட்டை, கீரை, பருப்பு கடைசியாக மிஞ்சியது விழுகிறதா, முதலில் விழுகிறதா?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டார். விரதம் வேண்டாம், பகல் தூக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள், மாத்திரை போட்டாளா என்று கணவர் கேளுங்கள் என்றார். அத்தை அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து பேரீச்சம்பழ டப்பாவை என் மேஜையிலேயே வைத்துவிட்டார்.

இடத்தில் ஒரே ஒரு குறை: வகுப்பு இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை. எட்டாம் மாதத்துக்காரர்கள் படிக்கட்டில் நின்று நின்று ஏறினார்கள். இடைவேளையில் கேழ்வரகுக் கூழும் சுண்டலும் தருகிறார்கள், ருசியாகவே இருந்தது.

இனி அந்த மரபணுப் பாடம். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் இது நடந்தது. ‘தாயின் மனமும் சேயின் மூளையும்’ என்று தலைப்பு. நடத்தியவர் நல்ல பேச்சாளர். எபிஜெனெடிக்ஸ் (டிஎன்ஏவின் எழுத்து மாறாமலே மரபணு வேலை செய்யும் அளவு மாறுவது), மெத்திலேஷன் (அதற்கான வேதிக்குறி ஒட்டுவது) என்ற சொற்களெல்லாம் திரையில் வந்தன. ஆனால் அவர் சொன்னது இது: நீங்கள் சிந்தும் ஒவ்வொரு துளிக் கண்ணீரும் குழந்தையின் டிஎன்ஏவில் பதிகிறது. கோபப்பட்டால் குழந்தையின் மூளை சுருங்குகிறது. ஒருமுறை பதிந்தது மூன்று தலைமுறைக்கு அழியாது. முசிறியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தங்கச்சிக்கு அப்போதுதான் அப்பாவின் காரியம் முடிந்திருந்தது. அவள் எழுந்து, ‘அப்ப என் பாப்பாவுக்கு ஏற்கெனவே பதிஞ்சிருச்சா மேடம்?’ என்று கேட்டாள். ‘இனிமேலாவது சந்தோஷமா இருங்கம்மா’ என்று பதில் வந்தது. அவள் மீதி நேரம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு, அழாமல் இருப்பதற்குப் பாடுபட்டாள். அப்பாவை இழந்த பெண்ணுக்கு அழக்கூட உரிமை இல்லை என்று ஒரு வகுப்பு சொல்லிக் கொடுக்குமானால், அதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

அறிவியல் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. கருவில் இருக்கும் காலத்தில் நேரும் பெரிய துன்பங்கள் மூளை வளர்ச்சியோடு தொடர்புள்ளவை. அந்தத் தொடர்பின் ஒரு வழி எபிஜெனெடிக் மாற்றங்களாக இருக்கலாம். என் மாணவிகளிடம் நான் சொல்லும் விதம் இது: எல்லோருக்கும் ஒரே பாடப்புத்தகம் கொடுக்கிறோம், அச்செழுத்து மாறுவதில்லை. ஆனால் ஓரத்தில் பென்சிலால் ‘முக்கியம்’, ‘விட்டுவிடு’ என்று குறித்து வைத்தால் எந்தப் பக்கம் படிக்கப்படும் என்பது மாறிவிடும். டிஎன்ஏவின் எழுத்துகள் அப்படியே இருக்க, மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி சில இடங்களில் ஒட்டிக்கொள்கிறது, சில இடங்களில் விலகுகிறது. அதற்கேற்ப ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பது மாறலாம். நரம்புச் செல்லும் தோல் செல்லும் ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு வெவ்வேறாக இருப்பதற்கே இந்தக் குறிகள் பெரிய காரணம். ஆகவே கருவில் குறிகள் மாறுவது என்பதே ஆபத்து கிடையாது. வளர்ச்சி நடப்பதே அப்படித்தான்.

அவர் திரையில் காட்டிய முதல் படம் நெதர்லாந்துப் பஞ்சம். அதைப் பற்றி முழுமையாகச் சொல்லியிருந்தால் வகுப்பின் போக்கே மாறியிருக்கும். 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக டச்சு ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். தடை கொஞ்சம் தளர்ந்தபோது குளிரில் கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றுவிட்டன. நவம்பர் கடைசியில் ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் ஆயிரம் கலோரிக்குக் கீழே போனது, அடுத்த மாதங்களில் 400 முதல் 800 வரை என்ற நிலை. மக்கள் டூலிப் கிழங்கைத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் பஞ்சம் நின்றது. பஞ்சம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பது துல்லியமாகத் தெரியும், ரேஷன் கணக்கும் பிரசவப் பதிவுகளும் இருந்தன. அதனால் எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பட்டினியில் இருந்தது என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது.

அறுபது வருஷம் கழித்து, பாஸ்டியான் ஹைமன்ஸ், லாம்பர்ட் லூமே குழுவினர் அப்படிப் பிறந்தவர்களின் இரத்தத்தை, பஞ்சத்தில் கருவாகாத அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளின் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். 2008-இல் முடிவு வந்தது. பஞ்சத்தின்போது கருத்தரித்தவர்களிடம், வளர்ச்சிக்கு உதவும் ஐஜிஎஃப்2 என்ற மரபணுவின் ஓரிடத்தில் மெத்தில் குறி குறைந்திருந்தது. வகுப்பில் இதுவரை சொன்னார்கள். எவ்வளவு குறைந்திருந்தது என்று சொல்லவில்லை. உடன்பிறந்தவர்களிடம் சராசரி 51.5 சதவீதம், இவர்களிடம் 48.8 சதவீதம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் இந்த வித்தியாசமே காணப்படவில்லை. இதையும் சொல்லவில்லை.

இதே பஞ்சத்தைப் பற்றி வகுப்பில் யாரும் வாயே திறக்காத இன்னொரு முடிவு இருக்கிறது. ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் குழுவினர் அந்தக் காலத்தில் பிறந்த சுமார் 1,25,000 ஆண்களின் ராணுவப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 1972-இல் வெளியிட்டார்கள். பத்தொன்பது வயதில் எழுதிய அறிவுத்திறன் தேர்வில், கருவில் பட்டினி கிடந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகள் இவர்கள்.

அதற்காகப் பஞ்சம் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம், மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூடாத நரம்புக்குழாய்க் குறைபாடுகள் கூடியிருந்தன. அவர்களில் பெரியவர்களான பின் ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் வந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1959–61 சீனப் பஞ்சத்திலும் இதே இரண்டு மடங்கு தெரிந்தது. இவை கனமான உண்மைகள். ஆனால் இரண்டு மடங்கு என்பதை ஒரு கர்ப்பிணி எப்படிக் கேட்பாள் என்று யோசிக்க வேண்டும். நூற்றில் ஒருவருக்கு வரும் நோய் நூற்றில் இருவருக்கு வந்தால் அது இரண்டு மடங்கு. மீதித் தொண்ணூற்றெட்டுப் பேர் அந்தப் பட்டினியையும் தாண்டி அந்த நோய் இல்லாமல் வளர்ந்தார்கள்.

அடுத்ததாக, கண்ணீர். இதற்கு நேராகப் பொருந்தும் ஆய்வு கனடாவில் நடந்தது. 1998 ஜனவரியில் கியூபெக் மாகாணத்தில் உறைமழை பெய்து மின்கம்பங்கள் சாய்ந்தன. கடுங்குளிரில் லட்சக்கணக்கானவர்களுக்கு மின்சாரம் இல்லை, சில வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கு மேல். சூசன் கிங் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களைத் தேடிப் பிடித்து இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டார். எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டை விட்டு வெளியேறினீர்களா, என்ன சேதம் என்பது ஒன்று. நீங்கள் எவ்வளவு கலங்கிப்போனீர்கள் என்பது இன்னொன்று. அந்தப் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று வயதானபோது அவர்களின் இரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களைப் பார்த்தார்கள். பல மரபணுக்களின் மெத்தில் குறிகள், அம்மா பட்ட கஷ்டத்தின் அளவோடு தொடர்பு காட்டின. அம்மா எவ்வளவு கலங்கினார் என்ற மதிப்பெண்ணோடு அப்படித் தொடர்பு காட்டவில்லை.

இந்த ஆய்வில் இருந்த பிள்ளைகள் நாற்பதுக்கும் குறைவு. அதே குழு பின்னால், அந்த அனுபவத்தை நல்லதாகப் பார்த்தார்களா கெட்டதாகப் பார்த்தார்களா என்பதோடும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. ஆகவே மனநிலைக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஒவ்வொரு துளிக் கண்ணீரும்’ என்ற வரிக்கு இங்கே ஆதாரம் கிடையாது. கனமாக நின்றது என்னவென்றால் வீட்டில் வெளிச்சம் இருந்ததா, சூடு இருந்ததா, தங்க இடம் இருந்ததா என்பதுதான்.

உடலுக்குள்ளேயே ஒரு காவலும் இருக்கிறது. தாயின் இரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறினால் அது அப்படியே குழந்தைக்குப் போய்விடுவதில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பெரும்பகுதியைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. நீண்ட, கடுமையான அழுத்தத்தில் இந்த நொதி குறைவதையும், அதன் மரபணு மேல் மெத்தில் குறி கூடுவதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையின் பரீட்சை, மாமியாரோடு ஒரு வாக்குவாதம், சீரியல் பார்த்து அழுவது எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. இந்த ஒரு தகவலைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் எத்தனை பேர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள்!

எலி என்றதும் அடுத்த தவறு ஞாபகம் வருகிறது. தாய் எலி குட்டியை நக்கும் படத்தைப் போட்டு, கர்ப்பத்தில் தாயின் அன்பு குழந்தையின் மூளையை மாற்றுகிறது என்றார்கள். மாண்ட்ரியலில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் குழுவினர் 2004-இல் வெளியிட்ட வேலை அது. அதிகம் நக்கிக் கவனிக்கும் தாயிடம் வளர்ந்த குட்டிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், மன அழுத்தத்தை அடக்க உதவும் ஏற்பியின் மரபணு நன்றாக வேலை செய்தது, அதன் மேல் மெத்தில் குறி குறைவு. அப்படி நக்கிக் கொடுப்பது முழுவதும் குட்டி பிறந்த பிறகு, முதல் வாரத்தில் நடப்பது. சரியாகக் கவனிக்காத தாய்க்குப் பிறந்த குட்டியை, நன்றாகக் கவனிக்கும் தாயிடம் மாற்றி வைத்தால் குறியும் வளர்ப்புத்தாய்க்கு ஏற்றபடி அமைந்தது. கருவிலேயே எல்லாம் எழுதி முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு இந்தப் படத்தைக் காட்டுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இந்தப் படம் காட்டுவது நேர் எதிரானதை.

மனிதர்களிடம் இதை ஒட்டி நடந்த ஆய்வுகளும் உண்டு. கனடாவின் வான்கூவரில் டிம் ஓபர்லாண்டர் குழு 2008-இல், கடைசி மூன்று மாதங்களில் மனச்சோர்வு இருந்த தாய்மார்களின் குழந்தைகளிடம், தொப்புள்கொடி இரத்தத்தில், அதே ஏற்பியின் மரபணுவான என்ஆர்3சி1 மேல் மெத்தில் குறி கூடியிருந்ததையும், அக்குழந்தைகள் மூன்று மாத வயதில் கார்டிசாலைக் கொஞ்சம் அதிகமாகச் சுரந்ததையும் பதிவு செய்தது. இது மனச்சோர்வு பற்றியது. வாரக்கணக்கில் தூக்கம், பசி, ஆசை எல்லாம் போய்விடும் நோய் அது. நினைத்துக்கொண்டு அழுவது வேறு. பின்னர் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு, பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்த தாய்மார்களின் குழந்தைகளிடமும் இந்தக் குறி கூடியிருந்ததைக் கண்டது. ஆனால் முதல் வாரங்களில் குழந்தையை அடிக்கடி தடவிக் கொடுத்திருந்தால் அந்தக் கூடுதல் குறைந்திருந்தது. நம் வீடுகளில் காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்து நீவி விடும் பாட்டிகளை இந்தப் பாடத்தில் எவ்வளவு அழகாகச் சேர்த்திருக்கலாம்.

இன்னொன்றையும் கர்ப்பிணிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உயிரோடு இருக்கும் குழந்தையின் மூளைச் செல்லை எடுத்து யாரும் மெத்தில் குறி பார்க்க முடியாது. மேலே சொன்ன மனித ஆய்வுகளில் சோதித்தது எல்லாம் இரத்தம், தொப்புள்கொடி, எச்சில் போன்றவை. ஒவ்வொரு திசுவிலும் குறிகள் வேறுபடும். இரத்தத்தில் தெரிந்தது மூளையிலும் அப்படியே இருக்கும் என்பது ஊகம், சில இடங்களில் நியாயமான ஊகம், அவ்வளவே. குறி மாறியதாலேயே குணம் மாறியது என்று நிறுவுவது அதைவிடக் கடினம். வறுமை, புகை, பரம்பரை, பிறந்த பின் வளர்ந்த விதம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. மூன்று தலைமுறை என்பது பற்றியும் ஒரு வார்த்தை. கருவுற்ற உடனேயும், பின்னர் முட்டை, விந்து உருவாகும் செல்களிலும் பெரும்பாலான மெத்தில் குறிகள் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரிந்துகொள்வாள். அழியவே அழியாது என்று கர்ப்பிணிகள் நிறைந்த அறையில் எப்படிச் சொல்ல மனம் வந்தது?

சரி, அந்த மூன்று வாரத்தில் என்ன நடத்தியிருக்கலாம்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

ஃபோலிக் அமிலம். வகுப்பில் இதற்கு ஒரே ஒரு வரி. ஃபோலேட்தான் உடலில் மெத்தில் குறிகள் தயாராவதற்குக் கைகொடுக்கும் சத்துகளில் ஒன்று, எபிஜெனெடிக்ஸ் பேச வந்தவர்கள் முதலில் பேச வேண்டியது அது. கருவுற்று சுமார் 28 நாளில் குழந்தையின் நரம்புக்குழாய் மூடிவிடும், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதே அதை ஒட்டித்தான். அதனால்தான் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க ஆரம்பித்து மூன்றாம் மாதம் வரை தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பே ஒரு குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு வந்திருந்தால் அளவு வேறு, மருத்துவர் சொல்வார். அப்படிப்பட்ட தாய்மார்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனையில், ஃபோலிக் அமிலம் அந்தக் குறைபாடு மறுபடி வருவதை 72 சதவீதம் தடுத்தது. அது வெளியானது 1991. நான்காம் மாதத்தில்தான் சேர்க்கிறார்கள் என்பதால் வந்தவர்களுக்கு இது காலம் கடந்த செய்தி. ஆனால் அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் கல்யாணம் ஆகவேண்டிய ஒரு தங்கையோ நாத்தனாரோ இருப்பாள்.

இந்தச் சத்தின் கதை நம் பக்கத்தையும் தொட்டது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையைப் பற்றி ஆராய வந்தவர். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணமாக்குகிறது என்று 1931-இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்ததுதான் பின்னாளில் ஃபோலேட் என்று தெரியவந்தது. ஏழைக் கர்ப்பிணிகளின் தட்டைப் பார்த்து ஒரு பெண் கண்டுபிடித்த விஷயம் இது. திரையில் ஒரு படமாகப் போட எவ்வளவு தகுதியானது!

அப்புறம் இரும்புச்சத்து. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டின் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, 52.2 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. கருவில் இரும்பு குறைந்த எலிகளின் ஹிப்போகாம்பஸில், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய பிடிஎன்எஃப் மரபணு அடங்கிப்போவதையும் அதன் எபிஜெனெடிக் குறிகள் மாறியிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்பு மாத்திரையை, டீயோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள் என்று சொல்வதற்கு இரண்டு நிமிஷம் போதும். 1,800 ரூபாய்ப் பொடியின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பாதாம், ஏலக்காய், நாட்டுச்சர்க்கரை, சில மூலிகைகள். எது எவ்வளவு என்று இல்லை. என் மருத்துவரிடம் காட்டினேன், மூலிகையின் அளவு தெரியாமல் சாப்பிட வேண்டாம் என்றார். வாங்கவில்லை. நீங்களும் உங்கள் மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். ஆடியோக்கள் இனிமையான வீணை இசை, கேட்டால் எனக்குத் தூக்கம் வந்தது. அதற்கு வயிற்றில் ஹெட்ஃபோன் தேவையில்லை.

உண்மையான துன்பங்கள் பற்றியும் ஒரு வாரம் பேசியிருக்கலாம். அடிக்கிற கணவன், வெயிலில் நின்று செய்யும் வேலை, கையில் காசில்லாமை. நம் மாநிலத்திலேயே 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2024-இல் சொன்னது. அந்தப் பெண்ணிடம் ‘சந்தோஷமா இருங்க’ என்றால் என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியது நிழல், தண்ணீர், உட்கார நேரம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் வரை வரும், அதற்கு எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லலாம். மனச்சோர்வுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும், வீட்டில் அடி உதை இருந்தால் 181 என்ற எண்ணையும் பலகையில் எழுதலாம். கர்ப்பத்தில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு, மருத்துவர் பார்த்துத் தரும் மருந்தும் உண்டு என்பதைச் சொன்னால் ஒரு பெண்ணாவது எழுந்து கேட்டிருப்பாள். அழுதால் குழந்தைக்குக் கெடுதல் என்று சொல்லி வைத்திருக்கும் இடத்தில் எவள் வாய் திறப்பாள்?

இந்தக் கருக்கால ஆய்வுகளைப் படித்தால் கைநீட்டப்படுவது பெரும்பாலும் தாயை நோக்கி அல்ல. ரேஷனை நிறுத்திய ராணுவத்தை நோக்கி, அறுந்து விழுந்த மின்கம்பியை நோக்கி, சத்தில்லாத தட்டை நோக்கி. வகுப்பு இவற்றையெல்லாம் எடுத்து, கர்ப்பிணி ஒருத்தியின் முகபாவத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. என் முழு மனக்குறையும் இதுதான்.

முசிறித் தங்கச்சியிடம் அன்று படிக்கட்டில் உட்கார்ந்து ரேஷன் கதையையும் உறைமழைக் கதையையும் சொன்னேன். அவளுடைய மருத்துவரும் அடுத்த பரிசோதனையில் குழந்தையின் வளர்ச்சி சரியாக இருப்பதாகச் சொல்லி, துக்கத்தில் அழுவது இயல்புதான் என்று ஆறுதல் சொன்னாராம். அவள் பிசியோ வகுப்புக்கு மட்டும் தொடர்ந்து வந்தாள்.

சேர நினைப்பவர்களுக்கு: இடுப்புவலி, மூச்சுப்பயிற்சி, பிரசவத்துக்குத் தயாராவது இவற்றுக்காக என்றால் தாராளமாகப் போகலாம். மாமியாரையும் கணவரையும் கட்டாயம் அந்தக் குடும்ப வகுப்புக்குக் கூட்டிப் போங்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பயிற்சி தருபவரின் படிப்பு என்ன, மனநலம் பற்றி நடத்துபவர் மருத்துவரா அல்லது உளவியல் படித்தவரா, பொடியும் ஆடியோவும் இல்லாமல் கட்டணம் எவ்வளவு. நான் கேட்டபோது பயிற்சி மட்டும் என்றால் 5,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். விளம்பரத்தில் அது இல்லை, நாமாகக் கேட்க வேண்டும். ஏற்கெனவே மனச்சோர்வோ பதற்றமோ இருப்பவர்கள், சமீபத்தில் துக்கம் நடந்த வீட்டுப் பெண்கள், முன்பு குழந்தை தவறியவர்கள் அந்த மூன்று வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

பொறுப்பாளரைச் சந்தித்து மேலே எழுதியதையெல்லாம் விவரமாகச் சொல்லி, எழுதியும் கொடுத்திருக்கிறேன். பொறுமையாகக் கேட்டார். எலிப் படத்தையும் ‘மூன்று தலைமுறை’ வரியையும் எடுத்துவிடுவதாகவும், அந்த மகப்பேறு மருத்துவரையே ஒரு வாரம் மனநலம் பற்றிப் பேசக் கேட்பதாகவும் சொன்னார். அடுத்த குழு ஆடி முடிந்து ஆரம்பிக்கிறது. என் சக ஆசிரியை ஒருவர் அதில் சேர்கிறார், அவரிடம் கேட்டு என்ன மாறியது என்று இதன் கீழேயே சேர்க்கிறேன்.